ஒளித்து வைத்த மூடிகள்

"உனக்கு முன்னாடி யாரு?"

சின்ன முதலாளி அவளைப் பார்த்துத்தான் கேட்டார். விடிந்தும் விடியாத நேரம். பினாயில் அடைக்கும் கொட்டகைக்குள் நெடி கண்ணைக் கரித்தது. பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பெண்கள் எல்லோரும் கரும்பலகைக்கு எதிரில் நின்றார்கள். உள்ளங்கைகள் ஊறிச் சுருங்கி வெளுத்திருந்தன. படிப்பு முடித்து ஊர் திரும்பியிருந்த சின்ன முதலாளி, வேலை தொடங்கும் முன் தினமும் கொஞ்ச நேரம் வகுப்பு எடுப்பதாகச் சொல்லியிருந்தார். அன்று முதல் வகுப்பு.

கொட்டகையில் அவளுக்குப் 'பூனை' என்று பெயர். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. பள்ளிக்கூடத்தில்கூட அப்படித்தான் இருந்தாள். பாதியில் நின்றபோது ஏன் வரவில்லை என்று கேட்க ஒருவரும் வரவில்லை. வீட்டில் அவள் சின்னவள். வீடு என்றால் ஒரே அறை, அதில் அவளும் அக்காவும்.

"சும்மா சொல்லும்மா. உன் பெஞ்சுக்கு முன்னாடி யாரு?"

"எங்க அக்கா."

கொட்டகையே குலுங்கச் சிரித்தது. "அடியே, நீ பொறந்த வரிசையைக் கேக்கலடி!" என்று பக்கத்தில் நின்ற குடைக்கார அக்கா விலாவில் இடித்தாள். வெயிலானாலும் மழையானாலும் கையில் குடை இல்லாமல் வரமாட்டாள். அதனால் அந்தப் பெயர்.

"இல்ல சார். மூடி செய்யற பட்டறையில மெஷின் ஓட்டறா. அவ செய்யற மூடியைத்தான் நான் பாட்டிலுக்குப் போடறேன்."

சின்ன முதலாளி சிரிக்கவில்லை. முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. "பாத்தீங்களா! இதைத்தான் சொல்ல வந்தேன். இதுக்குப் பேர் சப்ளை செயின். சங்கிலி." பலகையில் கட்டம் கட்டமாக வரைந்தார். பிளாஸ்டிக் மணி காய்ச்சும் ஆலை, மூடிப் பட்டறை, நம்முடைய கொட்டகை, கடை, வாங்குகிறவர் வீடு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓர் அம்புக்குறி. சரக்கு இந்தப் பக்கமாகப் போகும், என்ன வேண்டும் என்கிற சேதி எதிர்ப்பக்கமாக வரும் என்றார். எங்கேயும் சரக்கு தேங்கக் கூடாது. சுவரோரம் கூரைவரை அடுக்கியிருந்த மூடி மூட்டைகளைக் காட்டி, "இதெல்லாம் தூங்கற பணம். எழுப்பி ஓட விடணும்" என்றார்.

பிறகு பெட்டி கட்டும் கயிற்றில் ஒரு நீளத்தை அறுத்து எடுத்தார். "இன்னொண்ணு பாருங்க. கடைக்காரர் கொஞ்சம் கூட சரக்கு கேக்கறார்னு வைங்க. நாளைக்குக் கிடைக்காதோன்னு பயந்து நாம பட்டறையில அதுக்கு மேல கேப்போம். பட்டறைக்காரர் பயந்து ஆலையில இன்னும் கூடக் கேப்பார். கையில ஆட்டம் கொஞ்சந்தான். நுனியில பாருங்க." மணிக்கட்டை லேசாக அசைத்தார். கயிறு நெளிந்து ஓடி, அதன் நுனி தகரச் சுவரில் பளீரென்று அறைந்தது. முன்வரிசையில் நின்றவர்கள் கழுத்தை இழுத்துக்கொண்டார்கள்.

"சாட்டை மாதிரி" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

அவர் வரைந்த கட்டங்களுக்குள் ஆள் யாரும் இல்லை என்பதைச் சின்னவள் கவனித்தாள். சொல்லவில்லை. அவள் எதைத்தான் சொன்னாள்!

சில நாளில் சுவரோர மூட்டைகள் காணாமல் போயின. அந்த இடத்தில் வெறும் சுவர், மூட்டைகள் உரசிய கறை. இனிமேல் மூடி அன்றன்றைக்கு வேனில் வரும், வந்ததும் தீரும். கூடவே ஒவ்வொரு பெஞ்சின் தலைக்கு மேலும் ஒரு சிவப்பு பல்பு தொங்கியது. எந்த பெஞ்சு நிற்கிறதோ அந்த பெஞ்சின் பல்பை சூப்பர்வைசர் போட்டுவிடுவார். எங்கே தடை என்று எல்லோருக்கும் பளிச்சென்று தெரிய வேண்டுமாம். பல்பு எரிந்த பெஞ்சுக்காரிக்கு அரை நாள் கூலி கிடையாது. வேன் வர நேரமானாலும் சரி, வழியில் டயர் வெடித்தாலும் சரி, மூடி இல்லாமல் நின்றது உன் பெஞ்சுதானே?

வேனை ஓட்டியவனுக்கு ரேடியோ என்று பெயர். அணைக்கவே முடியாது. கதவைத் திறக்கும் முன்பே பேச்சு குதித்துவிடும். "ஏ பூனை! உங்க அக்கா சொல்லச் சொன்னா, அடுப்புல சோறு இருக்காம், குழம்பு நீதான் வைக்கணுமாம். வேன்ல மூடி ஏத்தறேனா, இல்ல உங்க வீட்டுப் பஞ்சாயத்தை ஏத்தறேனான்னு எனக்கே தெரியல!" மூட்டையை இறக்கி முடிப்பதற்குள் பட்டறையில் யாருக்குக் காய்ச்சல், யாருக்குக் கல்யாணம், எந்த மெஷின் மக்கர் எல்லாம் கொட்டகைக்கு வந்து சேர்ந்துவிடும்.

ஒருநாள் பாலத்தில் லாரி கவிழ்ந்து வேன் நின்றுவிட்டது. கொட்டகையில் வரிசையாகச் சிவப்பு பல்புகள் எரிந்தன. அன்று குடைக்கார அக்கா வீட்டில் அடுப்பு எரியவில்லை.

மறுநாள் சின்னவள் ஒரு பிடி பச்சை மூடியைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு ஸ்டூலுக்கு அடியில் வைத்தாள். ஆபத்துக்கு இருக்கட்டும். திருட்டு இல்லை, வெளியே கொண்டுபோகவில்லை. அவளுடைய பெஞ்சு நிற்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு பிடி இரண்டு பிடியானது. டப்பா போதாமல் பழைய பெயிண்ட் வாளி வந்தது. வாளியின் மேல் ஒரு துடைக்கும் துணி.

அக்கா வேலையிலிருந்து வந்தால் முதலில் தண்ணீர் வாளியில் இரண்டு கையையும் விட்டு உட்கார்ந்துவிடுவாள். சூடு இறங்க வேண்டும். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் பாயும், அச்சு விலகும், மூடிகளை வெளியே பறித்துப் போட வேண்டும், அச்சு மறுபடி மூடும். விரல் நுனிகளில் ரேகை தேய்ந்து தோல் பளபளவென்றிருக்கும்.

"ஏண்டி, உங்க கம்பெனில மூடியைச் சோத்துல போட்டுப் பிசைஞ்சு திங்கறீங்களா?" என்று ஒருநாள் கேட்டாள் அக்கா.

"ஏன்?"

"நாளுக்கு நாள் கூடக் கேக்கறாங்களாம். எங்க முதலாளி கால்ல சுடுதண்ணி ஊத்தினவர் மாதிரி குதிக்கறார். கதவைக் கட்டிட்டாங்க."

"எந்தக் கதவு?"

"மெஷின் முன்னாடி வலைக்கதவு இருக்குல்ல? அதைச் சாத்தினாத்தான் அச்சு மூடும். திறந்திருந்தா அசையாது. கைக்கு அதுதான் காவல். திறந்து சாத்தத் திறந்து சாத்த நேரம் போகுதாம். சாத்தியிருக்கற மாதிரி மெஷினை நம்ப வெச்சு, விசையை ஒரு கம்பியால இழுத்துக் கட்டிட்டாங்க. இப்ப கதவு திறந்தே கிடக்கு. அச்சு அது பாட்டுக்கு வாயைத் திறக்குது, மூடுது."

"நீ வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"நான் வேணாம்னா, வேணும்னு சொல்ற ஆளு கேட்டுக்கு வெளிய நிக்குதுடி." வாளியிலிருந்து கையை எடுத்து உதறினாள். "பாட்டுப் பாடிக்கிட்டே வேலை செய்வேன்ல, அதை நிறுத்திட்டேன். தாளம் தப்பிடும்னு பயமா இருக்கு."

அக்கா சொன்னதில் ஏதோ ஒன்று சின்னவளுக்கு நெருடியது. என்னவென்று அவளுக்குப் பிடிபடவில்லை.

பிடிபட்டது ஒரு மழை நாளில். பாட்டில் கழுவும் முற்றத்திலிருந்து கொட்டகைக்கு எல்லோரும் நனைந்துகொண்டே ஓடினார்கள். குடைக்கார அக்கா மட்டும் குடையை மடித்தபடி அக்குளில் இடுக்கிக்கொண்டு, தலை சொட்டச் சொட்ட நடந்து வந்தாள்.

"என்னக்கா, குடை நனைஞ்சிடும்னு பாக்கறியா?" என்று பக்கத்து பெஞ்சில் மூடி போட்டு லேபிளும் ஒட்டுகிறவள் சிரித்துக்கொண்டே குடையைப் பிடுங்கி விரித்தாள்.

கலகலவென்று கொட்டியது. பச்சை மூடிகள் தலையில், தோளில், தரையில் விழுந்து உருண்டோடின. சிரிப்பு வெடித்தது.

"அடிப்பாவி, மூடி மழை!"

"சிரிங்கடி சிரிங்க. என் பல்பு எரிஞ்சா நீங்களா வந்து எனக்கு உலை வைப்பீங்க?" என்றாள் குடைக்கார அக்கா, குனிந்து பொறுக்கிக்கொண்டே. "ஏன், நீ மட்டும் யோக்கியமா? உன் ஸ்டூல் மெத்தையைக் கிழிச்சுக் காட்டவா?"

லேபிள்காரி நெளிந்தாள். அவளுடைய மெத்தைக்குள் இருந்தது. இன்னொருத்தியின் தண்ணீர்ப் பானைக்குள் தண்ணீரே இல்லை. ஒருத்தி கம்பளிச் சட்டை ஒன்றை ஆணியில் மாட்டியிருந்தாள்; அதன் இரண்டு கைகளும் கட்டப்பட்டுப் புடைத்துத் தொங்கின. வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

சின்னவளும் சிரிக்கத்தான் வாய் திறந்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. தகரச் சுவரில் கயிற்று நுனி அறைந்த இடம் அவள் கண்ணில் பட்டது. சின்னதாக ஒரு நசுங்கல்.

ஒவ்வொரு பெஞ்சிலும் ஒரு பிடி. வந்த மூடி வரிசைக்குப் போகாமல் வாளிக்கும் மெத்தைக்கும் போகிறது. மூடி போதவில்லை என்று சூப்பர்வைசர் கூடக் கேட்கிறார். எதற்கும் இருக்கட்டுமென்று ஆபீஸ் அதற்கு மேல் கேட்கிறது. அங்கே பட்டறையில் கம்பியால் விசையைக் கட்டுகிறார்கள். கையில் ஆட்டம் கொஞ்சந்தான்.

"அக்கா" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. குடைக்கார அக்காவின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, நாம ஒளிச்சு வெக்கறதாலதான் எங்க அக்கா மெஷின் கதவைக் கட்டியிருக்காங்க."

திக்கித் திணறி அவள் சொல்லி முடித்தபோது அங்கே சிரிப்பு இல்லை. குடைக்கார அக்கா கையிலிருந்த மூடிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நாளைக்குக் காலையில எல்லாத்தையும் வரிசையில கொட்டிடுவோம்" என்றாள் கடைசியில். "யாரும் யாரையும் காட்டிக் குடுக்கக் கூடாது. மெதுவாக் கலந்து விட்டுடலாம்."

நாளைக்கு. அப்படித்தான் முடிவானது.

அன்று மதியம் வேன் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றது. ரேடியோ கீழே இறங்கினான். வாயைத் திறக்காமல் மூட்டைகளை இறக்கினான். மூட்டைகள் இன்னும் வெதுவெதுவென்று இருந்தன. கடைசி மூட்டையை இறக்கிவிட்டு, சின்னவளுக்குப் பக்கத்தில் வந்து தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"பூனை, ஆஸ்பத்திரிக்குப் போ. உங்க அக்காவுக்குக் கையில."

மூடி மட்டும் நேரம் தவறாமல் வந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் வராந்தாவிலேயே கட்டில் போட்டிருந்தார்கள். அக்காவின் வலது கை ஒரு பெரிய வெள்ளைப் பொட்டலமாக நெஞ்சின் மேல் கிடந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இனி இல்லை என்று நர்சம்மா சொல்லிவிட்டுப் போனாள்.

"தாளம் தப்பல" என்றாள் அக்கா. உதடு காய்ந்திருந்தது. "ஒரு மூடி அச்சுல ஒட்டிக்கிச்சு. எடுக்கறதுக்குள்ள மூடிடுச்சு." கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "என்னை வண்டியில ஏத்தறப்பவே என் ஸ்டூல்ல வேற பொண்ணை உக்கார வெச்சுட்டாங்க. மெஷினைத் துடைச்சாங்க, ஓட்டினாங்க. கம்பியை அவுக்கலடி. புதுசா வந்தவ, கைல மருதாணி நிறம்கூடப் போகல. அந்தக் கை கண்ணுக்குள்ளயே நிக்குது."

சின்னவள் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டாள். சொல்லாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது அது.

"அக்கா, மூடியெல்லாம் எங்ககிட்டதான் இருந்தது. பல்புக்குப் பயந்து ஆளுக்குக் கொஞ்சம் ஒளிச்சு வெச்சிருந்தோம். நானும்தான். அதனாலதான் உங்ககிட்ட அவ்வளவு கேட்டாங்க."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூத்திர நாற்றமும் மருந்து நாற்றமும் கலந்த வராந்தாவில் யாரோ ஒரு பாத்திரத்தை உருட்டினார்கள். சின்னவளுக்கு அழக்கூட பயமாக இருந்தது.

"நீ எதுக்கு ஒளிச்ச?" என்றாள் அக்கா, சுவரைப் பார்த்தபடியே.

"கூலி போயிடும்னு."

"நான் எதுக்குக் கதவைக் கட்ட விட்டேன்?"

பதிலையும் அக்காவே சொன்னாள்.

"வேலை போயிடும்னு. அந்தப் புதுப்பொண்ணும் அதுக்குத்தான் உக்காந்தா." அக்கா திரும்பினாள். கண் சிவந்திருந்தது. "என் விரலை நீ தின்னல. நீ அங்கே பயந்த, நான் இங்கே பயந்தேன். பயப்பட வெச்சவங்க வேற. அதை விட்டுட்டு என் கால்மாட்டுல உக்காந்து மூக்கைச் சிந்தாதே. அந்தக் கம்பியை அவுக்க வழியைப் பாரு."

மறுநாள் விடியும்போது மழை விட்டிருந்தது. பெண்கள் பாட்டில் கழுவவில்லை. வாளி, மெத்தை, பானை, கம்பளிக் கை, குடை என்று எல்லாவற்றையும் கொட்டகை நடுவில் கொண்டுவந்து கவிழ்த்தார்கள். முழங்கால் உயரம், இடுப்பு உயரம் என்று பச்சைக் குவியல் ஏறிக்கொண்டே போனது. அவர்களுக்கே திகைப்பாக இருந்தது. இத்தனையா? இத்தனை பயத்தின் மேலா உட்கார்ந்திருந்தோம்?

"மெதுவாக் கலந்து விட்டுடலாம்னு சொன்னேனே" என்றாள் குடைக்கார அக்கா. "அந்தப் பேச்சுக்கு இனி இடமில்ல. எல்லாரும் பாக்கட்டும்."

அவளே போய்த் தன் பெஞ்சின் பல்பைப் போட்டாள். அடுத்தவள் போட்டாள். கடைசியாகச் சின்னவள். கொட்டகை முழுவதும் சிவப்பாக எரிந்தது. எல்லோரும் குவியலைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள்.

சூப்பர்வைசர் வாசலில் ஒரு கால் வைத்தவர் அப்படியே திரும்பி ஓடினார். சின்ன முதலாளி வந்தார். குவியலைப் பார்த்தார், பல்புகளைப் பார்த்தார். அவர் குரல் உயரவில்லை.

"இது என்ன?"

"நீங்க கேட்டு வாங்கின மூடி சார்" என்றாள் குடைக்கார அக்கா. "எல்லாரும் ஒளிச்சு வெச்சிருந்தோம். கூலியை வெட்டறதுன்னா வெட்டுங்க. ஆனா பட்டறையில மெஷின் கதவு சாத்தற வரைக்கும் ஒரு மூடி போடமாட்டோம். பல்புக்குக் கூலி பிடிக்கறதும் நிக்கணும்."

"நேத்து நடந்தது எனக்கும் வருத்தம்தான். ஆனா அது வேற கம்பெனி. வேற முதலாளி. அங்க மெஷினை எப்படி ஓட்டறாங்கன்னு நான் எப்படிம்மா சொல்ல முடியும்?"

வேற கம்பெனிதான். சட்டப்படி அவர் சொல்வது சரிதான் போலிருக்கிறது. அப்போது ஒரு குரல் கேட்டது. மெல்லிய குரல். யாருடையது என்று இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கு முன்னாடி யாருன்னு கேட்டீங்களே சார்." சின்னவள் எழுந்து நின்றிருந்தாள். "எங்க அக்கான்னு சொன்னேன். ஆமா, அதுதான் சங்கிலின்னு சொன்னீங்க. மூடி வரப்போ ஒரே சங்கிலி. விரல் போறப்போ வேற வேற கம்பெனியா?"

சின்ன முதலாளியின் கண் கரும்பலகைப் பக்கம் போய்த் திரும்பியது. பழைய கட்டங்கள் இன்னும் அழியாமல் இருந்தன. பிறகு பேசியபோது குரலில் ஈரம் வற்றியிருந்தது.

"சரி. நானும் கணக்குப் போடறேன். இவ்வளவு மூடி என் கையில இருக்கு. இனி பல நாளைக்குப் பட்டறையில நான் வாங்கவே வேண்டாம். ஒரு போன் போட்டா அங்க மெஷினை நிறுத்திடுவாங்க. உங்க அக்கா, அந்தப் புதுப்பொண்ணு, எல்லாரும் வீட்டுக்குப் போகட்டும். அதுவும் சங்கிலிதான். உங்களுக்கு அதுதான் வேணுமா?"

சின்னவள் குவியலைத் திரும்பிப் பார்த்தாள். குவியலைக் காட்டியதே தப்போ? கயிற்றின் இன்னொரு வீச்சு. நுனி மறுபடியும் அங்கேதான் போய் விழும்.

"போன் போடுங்க சார்" என்று கீழேயிருந்து லேபிள்காரி சொன்னாள். "இந்த மூடியைப் பாட்டில்ல போடறது யாரு? அதுவா ஏறி உக்காந்துக்குமா?"

"வேலை கேட்டு வெளிய ஆள் நிக்குது."

"நிக்கட்டும். அவங்களையும் உள்ள கூப்பிடுங்க, இங்க இடமிருக்கு" என்று குடைக்கார அக்கா சற்று நகர்ந்து தரையைத் தட்டிக் காட்டினாள். அந்த இறுக்கத்திலும் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். சின்னவள் உட்காரவில்லை.

வெளியே ஹாரன் கேட்டது. வேன் பின்பக்கமாக வந்து வாசலை அடைத்து நின்றது. வழக்கமாக அந்த நேரத்தில் கேட்கும் பேச்சு கேட்கவில்லை. ரேடியோ இறங்கி வேனின் பின்கதவைத் திறந்தான். உள்ளே கூரைவரை மூட்டை. விடியும் முன்பே யாரோ திறந்த அச்சுக்குள் கைவிட்டுப் பறித்த மூடிகள், ஆவிகூட அடங்கவில்லை.

அவன் கண்கள் சிவப்பு பல்புகளில் ஒவ்வொன்றாகப் போய், குவியலுக்கு வந்து, சின்னவளிடம் நின்றன.

"அண்ணே, நீங்க வர்றப்போ கம்பி கட்டியிருந்ததா?" என்றாள் அவள்.

அவன் தலையை மட்டும் ஆட்டினான். ஆமாம்.

"இறக்குப்பா" என்றார் சின்ன முதலாளி. "என்ன வேடிக்கை? உன் வேலை கொண்டு வந்து இறக்கறது. இறக்கிட்டுப் போ. நாளைக்கும் வண்டி ஓட்டணும்ல?"

ரேடியோவுக்கு வீட்டில் கைக்குழந்தை. வேன் அவனுடையதும் இல்லை. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் இருக்க அவன் விட்டால்தானே. சூப்பர்வைசர் முன்னால் வந்து ஒரு மூட்டையின் காதைப் பிடித்தார். ரேடியோ அவருடைய கையைப் பிடித்து, மெதுவாக, மூட்டையிலிருந்து எடுத்துவிட்டான்.

பின்கதவைத் தூக்கிச் சாத்தினான். கொக்கியை மாட்டினான். மாட்டியது சரியாக விழுந்ததா என்று இழுத்துப் பார்த்தான். சின்னவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்வான், அவன் சொல்லாமல் எப்படி இருப்பான் என்று. பெண்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து வாசலுக்கு வந்தார்கள்.

அவன் வண்டியில் ஏறினான். ஏற்றி வந்த அத்தனை மூட்டைகளோடும் வேன் கேட்டைத் தாண்டி, வந்த வழியே, பட்டறைப் பக்கமாகத் திரும்பியது.